நீலம் வராத கண்ணாடிகள்

மிதுனம் 20, சனி

விடிந்ததிலிருந்து மழை. கம்பி உடைந்த குடையோடு காலேஜுக்கு. மதியத்துக்கு மேல் கட்டடம் காலி. பெஞ்சு இழுக்கிற சத்தம், மாடிப்படியில் ஓட்டம், எதுவும் இல்லை. தண்ணீர் அசையாமல் இருக்கச் சனி மதியம்தான் தோது. மூன்று வருஷமாக அப்படித்தான்.

செய்தது: தொட்டியைக் கழுவி மெழுகு பூசியது. காய்ச்சி வடித்த தண்ணீர் விளிம்பு வரை. பென்சீனில் கரைத்த சாயம் நாலு சொட்டு. பென்சீன் ஆவியாகிப் போன பின் தண்ணீர் மேல் சாயம் மட்டும், ஒரே ஒரு மூலக்கூறு கனத்தில். அதைப் பட்டு நூலால் ஒரு பக்கமாக நெருக்கிக்கொண்டு வந்து, கண்ணாடித் தட்டை மெதுவாக முக்கி எடுத்தால் ஒரு படலம் ஒட்டும். படலத்தின் மேல் படலமாக நாற்பது. தோள்பட்டை விட்டுப் போயிற்று.

நூலில் முறுக்கு விழாமல் இரண்டு விரலுக்கு நடுவே இழுத்து நீவித்தான் மிதக்க விடுவேன். பூணூலை நீவுகிற மாதிரி கை தானாகவே செய்கிறது. அட்டெண்டர் பழனிச்சாமிக்கு அதைப் பார்த்தால் சிரிப்பு.

"ஏனுங்க சார், ஜெபம் முடிஞ்சுதுங்களா? கதவைப் பூட்டலாமுங்களா?"

"இன்னும் பத்துப் படலம் இருக்கு பழனிச்சாமி."

"பாருங்க, பாருங்க. எங்க ஊரு பெருமாட்டி பஸ்ஸு போனாப் போகுது. நடந்து போயிக்கறேனுங்க."

இந்தத் தட்டு வெயிலில் நீலமாக வேண்டும். இருட்டில் வைத்தால் நீலம் போக வேண்டும். மறுபடி வெயில், மறுபடி நீலம். இவ்வளவுதான் என் ஆராய்ச்சி. எங்கள் கல்பாத்தி அக்ரகாரத்தில் யாராவது கேட்டால் கண்ணாடிக்குச் சாயம் பூசுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். பெயின்ட் கடையா என்று கேட்டவர்கள் உண்டு.

அப்பா இருந்தவரை ஒரு தட்டு தவறியதில்லை. அத்தனையும் நீலம். மீன மாத நடுவில் அப்பா போனார். அதற்குப் பிறகு செய்ததில் ஒன்றுகூட நிறம் மாறவில்லை. அதே சாயம், அதே தொட்டி, அதே நான். இன்றையது எப்படியோ தெரியாது. வெயில் வந்தால்தான் தெரியும். என் கைடு புரொஃபசரின் பெங்களூர் லேபில் அதற்கென்று விளக்கு இருக்கிறது. எனக்குச் சூரியன்தான், அதுவும் மிதுன மாத மழையில்.

மிதுனம் 21, ஞாயிறு

காபி குடித்துக்கொண்டிருந்தபோது வெயில். டம்ளரை அப்படியே வைத்துவிட்டுக் கொல்லைக்கு ஓட்டம். கிணற்று மேடையில் கறுப்புத் துணி விரித்து இரண்டு தட்டு வைத்தேன். ஒன்று நேற்றையது. இன்னொன்று அப்பா இருந்தபோது செய்தது. மற்றதெல்லாம் பெங்களூர் போய்விட்டது, என்னிடம் இருப்பது இது ஒன்றுதான். நிறம் மாற மாறத் தட்டு சோர்ந்துபோகும் என்பதால் அடிக்கடி வெளியே எடுப்பதில்லை. பிஸ்கட் டப்பாவில் கறுப்புக் காகிதம் சுற்றிப் படுத்திருக்கிறது.

பழையது: கொஞ்சம் கொஞ்சமாக நீலம். சொட்டு நீலம் போட்டு அலசிய வேஷ்டியின் நிறம், அவ்வளவு மெல்லிசு.

புதியது: ஒன்றும் இல்லை. கண்ணாடி.

வெயில் போகிறவரை குந்தி உட்கார்ந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை. அம்மா துணி எடுக்க வந்தவள் இரண்டையும் பார்த்துவிட்டு, "இது ரெண்டும் ஒண்ணுதானேடா? ஒண்ணு ஏன் இப்பிடி இருக்கு?" என்றாள்.

"அதுதாம்மா தெரியலை."

"அப்பா போனதிலிருந்து உன் மொகத்துலயும் ஒண்ணும் இல்லை," என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனாள். காபி ஆறிப்போயிருந்தது. குடித்தேன்.

மிதுனம் 23, செவ்வாய்

பிரின்சிபல் ரூமில் டிரங்க் கால். புரொஃபசர் (இனி புரொ.). அடுத்த மாதம் கர்க்கடகம் முடிவதற்குள் நிறம் மாறுகிற தட்டு மூன்று பெங்களூர் வந்தாக வேண்டும். இல்லையென்றால் ஆராய்ச்சித் தலைப்பை வேறு ஒருவனுக்குக் கொடுத்துவிடுவார். அவர் சொன்னபடியே எழுதி வைக்கிறேன்:

"விஸ்வநாதன், நான் மேடையில பேசிட்டேன். சுத்தமான ஒரே சாயம், ஒற்றை மூலக்கூறு படலம், வெளிச்சத்துக்குப் பதில் சொல்லுதுன்னு பேசிட்டேன். இப்ப இங்க ஒருத்தனுக்கும் அது வரலை. உங்களுக்கும் வரலைங்கறீங்க. அப்ப நான் பேசினது என்ன?"

"செஞ்சுடறேன் சார்."

"அப்பா காரியம் எல்லாம் முடிஞ்சுதில்லையா?"

முடிந்தது சார். எல்லாம் முடிந்தது.

வயது முப்பத்திரண்டு. கல்யாணத்தை டாக்டர் பட்டத்துக்காகத் தள்ளிப் போட்டேன். பதவி உயர்வும் அதோடுதான் வரும் என்றார்கள். எல்லாவற்றையும் கொண்டுபோய் ஒரு கண்ணாடித் துண்டின் மேல் வைத்திருக்கிறேன். அது வெயிலைப் பார்த்துக்கொண்டு சும்மா கிடக்கிறது.

மிதுனம் 27, சனி

மழை. இன்று பழியாகச் சுத்தம். கண்ணாடியை அமிலத்தில் இரவு முழுக்க ஊறப் போட்டது. தண்ணீரை மூன்றாம் முறை வடித்தது. புது மெழுகு. புதுப் பட்டு நூல். சோப்புப் போட்டுக் கை கழுவிக் கழுவி விரல் நுனி சுருங்கிவிட்டது. பழனிச்சாமியை வாசல் தாண்டி வரக்கூடாது என்றேன். "தீட்டுங்களா சார்?" என்று கேட்டான். கிண்டல் பண்ணினானா நிஜமாகக் கேட்டானா தெரியவில்லை.

நடுவில் கொஞ்சம் வெயில் வந்தது. ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன். சுத்தம் கூடக் கூடத் தட்டு இன்னும் செத்துப்போகிறது. போன வாரமாவது கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தால் ஏதோ இருக்கிற மாதிரி ஒரு நப்பாசைக்கு இடம் இருந்தது. இன்று அதுவும் இல்லை.

சனிக்கிழமை என்றால் அப்பா ஞாபகம்தான். ஐந்தரைக்கெல்லாம் நல்லெண்ணெயை இரும்புக் கரண்டியில் காய்ச்சிவிடுவார், நாலு மிளகு போட்டு. காலேஜில் பாடம் சொல்லிக் கொடுக்கிறவன் என்றெல்லாம் பார்க்கமாட்டார். மணையில் உட்காரவைத்து உச்சந்தலையில் அறைவார். "தலைக்குள்ளே இருக்கற சூடெல்லாம் இறங்கணும், அப்பத்தான் புத்தி வேலை செய்யும்." மிச்ச எண்ணெயை என் உள்ளங்கையில் வழித்துவிட்டு, கைகால் நீ தேய்த்துக்கொள் என்பார். சீயக்காய் போட்டு முழுகி, மடி வேஷ்டியோடு சாப்பிட்டுவிட்டு நேரே லேபுக்கு. வாரத்தில் அதைவிடச் சுத்தமாக நான் இருந்த நாள் கிடையாது. மனசும் லேசாக இருக்கும்.

இப்போது அப்பாவின் துக்க வருஷம் முடிகிறவரை எனக்கு எண்ணெய் கிடையாது. தலை காய்ந்து தேங்காய் நார் மாதிரி. அம்மா பார்த்துப் பார்த்து வாயை மூடிக்கொள்கிறாள்.

அப்பா போனார், கையின் ராசியும் போனது. ரசாயனம் சொல்லிக் கொடுக்கிறவன் எழுதுகிற வாக்கியமா இது? அடித்துத் திருத்தவில்லை. இருக்கட்டும்.

கர்க்கடகம் 1, வியாழன்

கரண்ட் இல்லை. பீர்மேட்டிலிருந்து அக்கா வீட்டு அத்திம்பேர் கார்டு. அவர் இருக்கிற எஸ்டேட் தேயிலை ஃபாக்டரியில் ரசாயனம் படித்த ஒருவர் வேண்டுமாம். சனியன்று புறப்பட்டு வந்து மேனேஜரைப் பார் என்கிறார். அக்கா ருக்கு ஓரத்தில் நுணுக்கி எழுதியிருக்கிறாள்: "அம்மாவையும் அழைச்சுண்டு வந்துடு. அங்கே எதுக்குத் தனியா?"

போகப் போவதில்லை என்று அம்மாவிடம் சொன்னேன். வெயில் இல்லாத வாரம், இங்கிருந்தும் என்ன கிழிக்கப் போகிறாய் என்று அம்மா கேட்கவில்லை. நானே கேட்டுக்கொண்டேன். போகிறேன்.

கர்க்கடகம் 4, ஞாயிறு. பீர்மேடு

நேற்று பகல் முழுக்க பஸ். மலையேறும்போது முன்னால் போன ஜீப்பின் பின்விளக்கைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. கால் இரண்டும் ஜில்லிட்டுவிட்டது.

காலையில் ஃபாக்டரி. கொழுந்து வாட்டுகிற மாடி, உருட்டுகிற மெஷின், பச்சை இலை பழுப்பாகிற வாடை. மேனேஜர் ஐந்து நிமிஷம் பேசினார். இலை எவ்வளவு நேரத்தில் நிறம் மாறுகிறது என்று பார்த்துச் சொல்லத் தெரிந்தால் போதும் என்றார். சிரிப்பு வந்தது. நிறம் மாறுவதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னைவிடப் பழகியவன் கிடைக்கமாட்டான்.

இலை வாட்டுகிறவர் ஒருவர், தென்காசிப் பக்கத்துக் குடும்பமாம், என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஜன்னலுக்கு ஜன்னல் போய் வானத்தைப் பார்த்திருக்கிறேன் போல.

"சார் என்ன தேடுதீக?"

"வெயில் வருமான்னு பாத்தேன்."

"வெயிலா? அது இந்த மாசம் லீவுல கீழ எறங்கிப் போயிரும் சார். ஓணத்துக்குத்தான் மேல ஏறும்." பிறகு கொஞ்சம் தாழ்ந்த குரலில், "ஊர்ல யாருக்கும் மேலுக்குச் சொகமில்லையா? மொகம் அப்படி இருக்கே."

இல்லை என்றேன். அப்பா இறந்துவிட்டார் என்று ஏன் சொல்லவில்லை என்று தெரியவில்லை.

அத்திம்பேர் சாப்பிடும்போது ஆரம்பித்தார். "விச்சு, நான் பறையறதைக் கேளு. நீ படிச்சது போறும். அந்தக் கண்ணாடி உனக்குச் சோறு போடுமோ? இங்கே குவார்ட்டர்ஸ் இருக்கு, ருக்கு இருக்கா, அம்மைக்கும் ஒரு துணையாச்சு. என்னத்துக்கு இப்பிடி உருகிண்டிருக்கே?" ருக்கு இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள். அவளுக்கு அப்பாவின் கை. விரல் நீளம், நகம் சப்பை. அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன்.

மாதக் கடைசி வரை அவகாசம் கேட்டிருக்கிறேன். ஆகப் பார்த்தால் இரண்டு இடத்திலும் ஒரே கெடு.

கர்க்கடகம் 7, புதன்

அப்பாவுக்கு மாசிகம், மாதாமாதம் கொடுக்கிற திதி. மழை விட்டிருந்தது, மூட்டம் மட்டும். நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

மந்திரம் சொல்லிவைக்க வந்த வாத்தியார் அவசரத்தில் இருந்தார், இன்னும் இரண்டு வீடு பாக்கியாம். எள்ளு பழசு. அம்மா டப்பாவின் அடியிலிருந்து வழித்துக் கொடுத்தது, காறல் வாடை அடித்தது. "பரவாயில்லை, விடுங்கோ," என்றார் வாத்தியார். விபூதி இட்டுக்கொண்ட கையை உதறினேன், தாம்பாளத்துத் தண்ணீரில் தூள் விழுந்து மேலாக மிதந்தது. எள்ளைக் கட்டைவிரலால் நசுக்கி நசுக்கிப் பிடித்திருக்கிறேன், கோபமோ என்னவோ. தண்ணீரோடு விட்டேன்.

விபூதித் தூள் ஓடியது.

எள்ளும் தண்ணீரும் விழுந்த இடத்திலிருந்து நாலு பக்கமும் விலகி, தாம்பாளத்தின் ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டது. நடுவில் துடைத்துவிட்ட மாதிரி வட்டம். இந்த ஓட்டம் எனக்குத் தெரியும். தொட்டியில் படலம் பரவுகிறதா என்று பார்க்கப் பவுடர் தூவி, சாயத்தைச் சொட்டுவிட்டால் பவுடர் இப்படித்தான் ஓடும். எண்ணெய். நசுங்கிய எள்ளிலிருந்து என் விரலில் கசிந்த துளி எண்ணெய் தாம்பாளம் முழுக்கப் பரவிவிட்டது.

"சொல்லுங்கோ, சொல்லுங்கோ, ஏன் நிறுத்திட்டேள்?" வாத்தியார்.

சொன்னேன். அப்பா பேர், தாத்தா பேர், கோத்திரம். வாய் சொல்லிக்கொண்டே இருந்தது. தலைக்குள் வேறு ஓடியது.

சனிக்கிழமை எண்ணெய். சீயக்காய் போட்டாலும் நகக்கண்ணில், விரல் ரேகையில் மிச்சம் இருந்திருக்கும். அந்த விரலால்தான் பட்டு நூலை நீவினேன். நூல் தண்ணீரில் மிதந்தது. மூன்று வருஷமும், ஒவ்வொரு சனியும். கண்ணாடியை இடுக்கியால்தான் தொட்டேன், தண்ணீரில் தும்மியதுகூட இல்லை. முழுகிவிட்டு மடியாக வந்த கையை மட்டும் சந்தேகப்படத் தோன்றவில்லை. மடி வேறு சுத்தம் வேறு என்று ஒரு ரசாயன வாத்தியானுக்குத் தெரியவில்லை.

நீலம் வந்தது சாயத்தால் மட்டும் இல்லை. சாயம் தனியாக இருந்தால் சாயங்காலச் சித்தூர் பஸ் மாதிரி நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறது, கையைத் தூக்க இடமில்லை. மூலக்கூறு திரும்பினால்தான் நீலம். வெளிச்சம் வந்து திரும்பு என்றால் எங்கே திரும்பும்? எண்ணெய் நடுவில் புகுந்து நெருக்கத்தைத் தளர்த்திவிட்டிருக்கிறது. இடம் இருந்ததால் திரும்பியது. அப்பா போன பிறகு எண்ணெய் இல்லை, இடமும் இல்லை.

நான் நினைப்பது சரிதானா தெரியாது. செய்து பார்க்க வேண்டும். வாத்தியார் போனபின் கிணற்றடிக்குப் போய் வாய்விட்டு அழுதேன். அப்பாவுக்காக அழுகிறேன் என்று நினைத்து அம்மா வரவில்லை.

கர்க்கடகம் 8, வியாழன்

லீவு சொல்லி அனுப்பிவிட்டேன், பாடம் எடுக்க முடியாது. லேபுக்கு மட்டும் போனேன், கிளாஸ் நேரம் என்பதால் அந்தப் பக்கம் சந்தடி இல்லை.

காலையில் அப்பாவின் எண்ணெய்க் குப்பியை அலமாரியிலிருந்து எடுத்தபோது அம்மா பார்த்துவிட்டாள். அப்பா போனபின் அதை யாரும் தொட்டதில்லை. கால்வாசி எண்ணெய், மேலே தூசி.

"விச்சு. இன்னும் வருஷம் திகையலையேடா, எட்டு மாசம் இருக்கே."

"தலைக்கு இல்லைம்மா. வேலைக்கு."

"எண்ணெயிலே உனக்கு என்ன வேலை?"

"அப்பறம் சொல்றேன்."

"அது அவர் தொட்டு வெச்ச குப்பிடா," என்றாள். அவ்வளவுதான். தடுக்கவில்லை.

ஒரே ஒரு விரல். எண்ணெயைத் தொட்டு, சீயக்காயில் கழுவி, துடைத்து, அந்த விரலால் நூலை நீவினேன். மற்றதெல்லாம் எப்போதும் போல. மூன்று தட்டு. நாற்பது நாற்பது படலம். பழனிச்சாமி மோர் வாங்கிக் கொடுத்தான்.

"சார், ரெண்டு நாளு தூங்கலீங்களா? கண்ணு ரெண்டும் கோவைப்பழமாட்டம் இருக்குதுங்க."

"தூங்கறேன். வெயில் வரட்டும்."

வரவில்லை. இருட்டுகிறவரை ஜன்னலடியில் நின்றேன்.

கர்க்கடகம் 10, சனி

எட்டு மணிக்கு மேல் வெயில். கிணற்று மேடை. கறுப்புத் துணி.

மூன்றும் நீலம்.

இருட்டு அலமாரியில் வைத்தேன், போயிற்று. மறுபடி வெயில். மறுபடி நீலம். அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "வந்துடுத்தா?" என்று கேட்டுவிட்டு என் தலையைத் தொட்டாள், காய்ந்த மயிரை. நாலு மாதத்துக்குப் பிறகு இன்றைக்குத்தான் பசித்துச் சாப்பிட்டேன். மோர்க்குழம்பு, சேனை எரிசேரி.

சாயங்காலம் வரை நன்றாகத்தான் இருந்தேன். விளக்கு வைக்கிற நேரத்தில் அந்தக் கேள்வி வந்து உட்கார்ந்துகொண்டது. புரொ. மேடையில் சொன்னது சுத்தமான ஒரே சாயம். இதுவோ சாயமும் நல்லெண்ணெயும். இந்த மூன்றையும் ஒன்றும் பேசாமல் பார்சல் கட்டி அனுப்பினால் எல்லாம் சரியாகப் போகும். அங்கே ஒருவனுக்கும் வராது. ஏன் வரவில்லை என்று அவர்கள் வருஷக்கணக்கில் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள், நான் டாக்டர் விஸ்வநாதன் என்று பலகை மாட்டிக்கொண்டிருப்பேன்.

முடியாது. பெரிய அரிச்சந்திரன் என்பதால் இல்லை. இந்த நாலு மாதம் நான் பட்டதை இன்னொருவன் படக்கூடாது. அதோடு, எண்ணெய் இடம் கொடுக்கிறது என்பதுதானே விஷயமே? அதை மறைத்துவிட்டால் மூன்று வருஷத்தில் நான் கண்டுபிடித்தது என்ன?

புரொ. புரிந்துகொள்வார். சந்தோஷப்படக்கூடச் செய்வார்.

கர்க்கடகம் 12, திங்கள்

தபால் ஆபீஸில் டிரங்க் கால் போட்டுக் காத்திருந்தது. பின்னால் தேங்காய் மண்டிக்காரர் ஒருவர், அவருக்குக் கோயம்புத்தூர் வேண்டும்.

சொன்னேன். எண்ணெய்க் குளியல், பட்டு நூல், எல்லாம். லைன் போய்விட்டதோ என்று ஹலோ ஹலோ என்றேன்.

"இருக்கேன். ஆக, மூணு வருஷமா நீங்க எனக்கு அனுப்பினது தலைக்கு வச்சுக்கற எண்ணெய்."

"சார், அது இடம் குடுக்கறது சார். நெருக்கம் தளர்ந்தாத்தான் சாயத்தால திரும்ப முடியறது. சுத்தமான கொழுப்பு அமிலம் ஏதாவது ஒண்ணை அளந்து கலந்து பாத்தா..."

"விஸ்வநாதன், அது அழுக்கு. அழுக்குக்கு டாக்டர் பட்டம் குடுக்க மாட்டாங்க. நான் பேசினதை நான் திரும்ப வாங்கணும், அது தெரியுதா உங்களுக்கு? உங்க பதிவை ரத்து பண்ணச் சொல்லி எழுதிடறேன். சாயம் மிச்சம் இருந்தா அனுப்பிடுங்க."

"சார்..."

"என்ன எண்ணெய்னு சொன்னீங்க?"

"நல்லெண்ணெய் சார்."

"எவ்வளவு இருந்திருக்கும்? ஒரு தொட்டிக்கு?"

சொன்னேன். பேனா காகிதத்தில் ஓடுகிற சத்தம் கேட்டது. கேட்டதா, கேட்டதாக நினைத்துக்கொண்டேனா தெரியாது. "சரி," என்று வைத்துவிட்டார்.

"முடிஞ்சுதுங்களா?" என்றார் மண்டிக்காரர்.

முடிஞ்சுதுங்க.

கர்க்கடகம் 15, வியாழன்

பலத்த மழை. ஆற்றில் வெள்ளம், படி மூழ்கிவிட்டது. அத்திம்பேருக்குக் கார்டு போட்டாயிற்று. அடுத்த மாதம் சிங்கம் பிறந்ததும் வருகிறேன் என்று.

லேபில் தொட்டியை ஒழித்தேன். சாயம் பார்சல். புதுத் தட்டு மூன்றையும் அமிலத்தில் போட்டுக் கழுவிக் காலேஜ் ஸ்டோரில் சேர்த்தேன். பையன்கள் மைக்ராஸ்கோப்பில் வெங்காயத்தோல் பார்க்க உதவும். பழனிச்சாமிக்கு விஷயம் முழுக்கப் புரியவில்லை, ஆனால் புரிந்த மட்டும் கோபம்.

"எண்ணெ வச்சா நெறம் வருதுன்னா, எண்ணெ வச்சுப் போட்டுப் போகட்டுமுங்களே சார். இதுல என்னங்க தப்பு?"

நானும் அதைத்தான் கேட்டேன் பழனிச்சாமி.

தொட்டியை அவன் கேட்டான், எருமைக் கன்றுக்குத் தண்ணீர் காட்ட. மெழுகைச் சுரண்டிவிட்டுக் கொடுத்தேன். தூக்கிக்கொண்டு பஸ் ஏறினான்.

பழைய தட்டு மட்டும் என்னிடம். அதை யாரும் கேட்கவில்லை. கேட்டாலும் கொடுப்பதாக இல்லை.

கர்க்கடகம் 18, ஞாயிறு

மூட்டை கட்டுகிற வேலை. பித்தளைப் பாத்திரம் ஒரு சாக்கு, அம்மாவின் சாமி படங்கள் ஒரு சாக்கு. அப்பா போட்டோவை மட்டும் கடைசியில் எடுக்கலாம் என்று சுவரிலேயே விட்டாள்.

பத்து மணிக்கு நல்ல வெயில். வேண்டாத நேரத்துக்குத்தான் வரும். பிஸ்கட் டப்பாவைத் திறந்தேன். அம்மாவிடம் அப்புறம் சொல்கிறேன் என்று சொன்னது பாக்கி இருந்தது.

கூடத்து ஜன்னலடியில் தட்டை வெயிலில் பிடித்துக்கொண்டு சொன்னேன். சனிக்கிழமை அப்பா என் கையில் வழித்துவிட்ட எண்ணெய் இதில் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவு மெல்லிசு, அது இருப்பதால்தான் நிறம் மாறுகிறது என்று. சொல்லிக்கொண்டிருக்கும்போதே நீலம் ஏறியது. பழைய அளவு இல்லை, சோர்ந்துவிட்டது. இருந்தாலும் நீலம்.

"இதுலயா?" என்றாள்.

"ஆமாம்மா."

"அவர் கையா?"

"அவர் கை எண்ணெய்."

கையை நீட்டினாள். கொடுத்தேன். ஓரத்தைப் பிடித்துக்கொள் என்று சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தேன். இரண்டு கையாலும் வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டு, போட்டோவுக்கு அடியில் இருந்த சின்ன ஸ்டாண்டில் வைக்கப் போனாள். வைப்பதற்கு முன் புடவைத் தலைப்பை எடுத்து இந்தப் பக்கம் ஒரு துடை, அந்தப் பக்கம் ஒரு துடை. தினம் போட்டோக் கண்ணாடியைத் துடைக்கிறாளே, அதே மாதிரி, வாயால் ஊதி, அழுத்தி.

நான் நின்றுகொண்டிருந்தேன். நாற்பது படலமும் அவள் தலைப்பில்.

சாய்த்து வைத்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தாள். ஜன்னல் வெயில் நேராக அதன் மேல்தான் விழுந்தது.

"கலர் போயிடுத்தே. மறுபடி வரும், இல்லையா?"

"வரும்மா. கொஞ்ச நேரம் ஆகும்."

"ஆகட்டும். எனக்கென்ன அவசரம்," என்று மணையை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள். இதை எழுதும்போதும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறாள். வெயில் இன்னும் இருக்கிறது.